ஊதினால் பறக்காத உமி

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கிட்டே. பாயை ஒரு தடவை உதறிப் போட்டுவிட்டு உட்காருங்கள். ஏன் உதறச் சொல்கிறேன் என்பது கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். இது ஒரு சாமை மூட்டையின் கதை. அந்த மூட்டையின் மேல் விழுந்த பழியின் கதை. அந்தப் பழியைத் துடைத்தது யார் தெரியுமா? எள்ளில் பாதி கூட இல்லாத, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குஞ்சு. சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் யாருக்காவது முதுகு அரித்தால் கூச்சப்படாமல் சொறிந்துகொள்ளுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே ஒரு மைல் போனால் கோவிந்தம்மாளின் வீடு. முன்னால் மல்பெரித் தோட்டம், பின்னால் பட்டுப்புழு வளர்க்கும் மனை. கோவிந்தம்மாள் இருபது வருடமாகப் பட்டுப்புழு வளர்க்கிறவள். வீட்டில் அவள், அவள் மகன் மாதவராஜ், மருமகள் சோபனா, மூன்று பேர்தான். மாதவராஜ் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். வத்தல்மலைக்குச் சாமான் ஏற்றிப் போன இடத்தில்தான் சோபனாவைப் பார்த்தான். பார்த்தது, பேசியது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இவர்கள் இரண்டு பேருமாகவே முடித்துக்கொண்டார்கள். சோபனாவின் அப்பா தீர்த்தன் மலையில் சாமை போடுகிறவர். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சும் இல்லை.

அந்த மனிதர்தான் இந்தப் பங்குனியில் மனசு இறங்கி, மருமகன் வண்டியிலேயே ஒரு மூட்டைச் சாமை போட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டு மகளிடம் போனில் இவ்வளவுதான் சொன்னார்:

"மூட்ட வந்துச்சா? இன்னொன்னு இருக்குது. சித்திரையில நானே எடுத்துக்கிட்டு எறங்கி வரன். ஒரு வெள்ளிக்கெழமையாப் பாத்து வரன்."

சோபனா போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷ அழுகை. அந்தச் சந்தோஷம் மூன்று நாள்தான் நிலைத்தது.

மூட்டை வந்த மூன்றாம் நாள், மாதவராஜ் சட்டையைக் கழற்றியபோது அவன் முதுகில் வரிசையாக மூன்று தடிப்பு. சோபனாவின் முழங்கையில் நான்கு. மாசியிலிருந்தே இருவருக்கும் அரிப்பு உண்டு. வேர்க்குரு, கொசு, புதுச் சோப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தலையணை உறையின் மடிப்பில் கொள்ளுப் பயறு மாதிரித் தட்டையாக ஒன்று நகர்ந்தது. கோவிந்தம்மாள் அதைப் பிடித்து வாசல் கல்லில் வைத்துத் தேய்த்தாள். ஒரு மோப்பம் பிடித்தாள். திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"மூட்டப்பூச்சி."

"ஐயய்யோ."

"மூட்டப்பூச்சிக்கு ஏன் மூட்டப்பூச்சின்னு பேரு வெச்சாங்க? சொல்லு பாக்கலாம்."

"எனக்கு எப்படித் தெரியும் அத்த? நானா வெச்சன்?"

"மூட்டையில வரதனாலதான். கட்டில்ல வந்திருந்தா கட்டில்பூச்சின்னு இல்ல வெச்சிருப்பாங்க?"

சோபனாவுக்கு அந்தக் கணமே எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிற்று. பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பேரை வைத்தவர்கள் யாரோ, அவர்களை எங்கே போய்ப் பிடித்துச் சண்டை போடுவது?

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சோறு போடும்போது மூட்டை. தழை வெட்டும்போது மூட்டை. பக்கத்துக் காட்டுக்காரி சசிகலா மோர் வாங்க வந்தால் அவளிடமும் மூட்டை. "மலையிலேர்ந்து வந்துச்சும்மா, சாமையோட சாமையா." அதிலும் கோவிந்தம்மாளை எதுவும் கடிக்கவில்லை. கடித்திருந்தாலும் அவள் தோலில் தடிப்பு எழவில்லை. அது அவளுக்கு இன்னொரு சாட்சியாகப் போயிற்று.

"என்ன ஏன் கடிக்கல? தன் ஊரு மனுசங்கள மோந்து பாத்துக் கடிக்குது."

"அப்ப உங்க புள்ளய ஏன் கடிக்குது?"

"அவன்தான் மலையிலயே பொண்ணு எடுத்துட்டானே."

மாதவராஜிடம் போய் நியாயம் கேட்டால், "வண்டிக்குச் சாமான் ஏத்தணும்" என்று கிளம்பிவிடுவான். அந்த நாட்களில் அவன் ஏற்றிய சாமானை எல்லாம் அடுக்கினால் வத்தல்மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும்.

மூட்டை வந்த பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. தீர்த்தன் போன் செய்தார். "வர வெள்ளிக்கெழம வரன்" என்றார். கோவிந்தம்மாள் காதில் விழுந்துவிட்டது.

"வரட்டும். மொகத்துக்கு நேராவே கேக்கறன். சாமைய அனுப்புனீங்களா, பூச்சிய அனுப்புனீங்களான்னு."

சோபனாவுக்குத் தன் அப்பாவைத் தெரியும். வாலிப வயதில் ஒருமுறை தர்மபுரியில் ஒரு வீட்டுக்குத் தலையில் சாமை மூட்டை சுமந்துகொண்டு போனாராம். நிலைப்படியில் நின்ற வீட்டம்மா, "மலைக்காரன்தான? கால கழுவிட்டு உள்ள வா" என்றாளாம். மூட்டையை அந்த வீதியிலேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியவர், இருபத்தைந்து வருடமாக அந்த வீதிப் பக்கமே போனதில்லை. இந்த வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை அப்படிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. இரண்டு வருடம் கழித்து இறங்கி வருகிற மனிதர், மறுபடி மலையேறினால் ஏறினதுதான். அப்புறம் அவளுக்கு அப்பா இல்லை.

ஆறு நாள் இருந்தது. ஆறு நாளுக்குள் ஒன்று, பூச்சி போக வேண்டும். இல்லாவிட்டால் பழியாவது போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபனா தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூட்டை உள்ளறையில் இல்லை. மாட்டுக் கொட்டகைக்கு வெளியே கிடந்தது. அதன்மேல் இரண்டு கோழி.

"அத்த! திங்கற பொருளக் கொண்டுபோயி சாணிப் பக்கத்துல போட்டிருக்கறீங்களே!"

"வெயில்ல கெடக்கட்டும். உன் மெத்தைய வந்து பாரு."

மெத்தையின் ஓரத் தையலில், துணி மடிந்த இடத்தில், வைக்கோல் நிறத்தில் துணுக்குத் துணுக்காக ஏதோ ஒட்டியிருந்தது. மெல்லிசு. கண்ணாடி மாதிரி. சாமை உமி எப்படி இருக்கும், அப்படியே.

"இது என்ன?" என்றாள் கோவிந்தம்மாள்.

"உமி. உமி கடிக்குமா?"

"உமி கடிக்காது. ஆனா மூட்டையிலேர்ந்து உமி மெத்தைக்கு வந்திருக்குது இல்ல? உமி வந்த வழியிலதான் பூச்சியும் வந்திருக்குது. நான் என்ன எழுதப் படிக்கத் தெரியாதவளா?"

உமி என்று சோபனாவே ஒப்புக்கொண்டுவிட்டாள். தன் வாயாலேயே தன் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. போய் மூட்டையைத் தூக்கிக் கொட்டகைக் கூரைக்கு அடியில் வைத்து, கோழி கொத்தாமல் ஒரு தார்ப்பாய் போட்டு மூடினாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவளால் முடிந்தது.

திங்கட்கிழமை மாதவராஜ் கடையிலிருந்து ஒரு மருந்து பாட்டில் வாங்கி வந்தான். மூடியைத் திருகக்கூட இல்லை, கோவிந்தம்மாள் கூப்பாடு போட்ட கூப்பாட்டில் மல்பெரித் தோட்டத்து மைனா எல்லாம் எழுந்து பறந்தது.

"டேய்! புழு மூணு தோலு உரிச்சு நாலாவதுல நிக்குது! மனைக்கும் வூட்டுக்கும் நடுவுல ஒரு சொவருதான்டா! வாசன பட்டாப் போதும், அத்தனையும் பச்சப் பச்சையாக் கக்கிச் சாவும்!"

அது உண்மைதான், கண்ணுகளா. பட்டுப்புழு அப்படி ஒரு பிராணி. கோவிந்தம்மாள் வீட்டில் கொசுவத்திச் சுருள் கூட ஏற்ற மாட்டாள். பவுடர் போட்ட கையோடு மருமகள் தழை அள்ளக்கூடாது. கோவிந்தம்மாளின் தம்பி மாது போன் செய்து, "தக்காளிச் செடிக்கு அடிக்கற மருந்து ஒரு மூடி போதும்க்கா" என்றான். அவனும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வயலுக்கு அடிக்கிற மருந்தைப் படுக்கிற மெத்தைக்கு அடித்தால் பூச்சிக்கு முன்னால் மனிதர் போய்விடுவார்களே. மண்ணெண்ணெய் தெளிக்கலாம் என்று சசிகலா சொன்னாள். அதற்கும் வாசனை, போதாததற்கு நெருப்புப் பயம்.

"மருந்து அடிக்கக்கூடாது. மண்ணெண்ண கூடாது. பொகை கூடாது. அப்ப என்னதான் பண்றது அத்த?"

"மூட்டைய வூட்ட வுட்டு அனுப்பு."

சோபனா பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கை விரிப்பை எல்லாம் வாரி, அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். கோபத்தில் செய்கிற வேலைக்கு ஒரு வேகம் வரும், பார்த்திருக்கிறீர்களா? மத்தியானத்துக்குள் மூன்று அண்டா முடிந்தது. கடைசியாக மெத்தை உறை. வெள்ளைத் துணி. அண்டாவில் போடுவதற்கு முன், வாசல் வெளிச்சத்தில் உதறுவதற்குப் பிரித்துப் பிடித்தாள். நடுவில் ஒரே ஒரு உமி.

வாயைக் குவித்து ஊதினாள்.

சாமை புடைத்தவளுக்குத் தெரியும், சாமை உமி எப்படிப் பறக்கும் என்று. மூச்சு விட்டாலே போதும். முறத்தின் பக்கத்தில் நின்று தும்மினால் வீடு முழுக்க உமி. மலையில் பிறந்து ஐந்து வயதிலிருந்து முறம் பிடித்தவள் சோபனா. அவள் ஊதின ஊதலுக்கு உமி பறக்கவில்லை. துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மறுபடி ஊதினாள். உமி நடந்தது.

சோபனா போனை எடுத்து, படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு கால். முன்னால் இரண்டு மீசை. உடம்பு கண்ணாடியாகத் தெரிய, நடு வயிற்றில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம், முழங்கை அரித்தது.

குஞ்சு! மூட்டைப்பூச்சியின் குஞ்சு! இரத்தம் குடிக்காத வரைக்கும் உமி, குடித்தால் சிவப்புப் பொட்டு. பெரியதை மட்டுமே தேடித் தேடி நசுக்கிக்கொண்டிருந்தார்கள். குஞ்சை எல்லாம் "உமிதானே" என்று கையாலேயே தட்டி, தரைக்கும் மூலைக்கும் பரப்பிவிட்டிருந்தாள் இவள். இத்தனை நாளும். தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டாள், ஒரு தடவை.

பிறகு வேலையில் இறங்கினாள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப் ஒன்று வண்டியில் கிடந்தது. அதைக் கிழித்து, பசைப் பக்கத்தை மெத்தைத் தையலில் வைத்து அழுத்தி எடுத்தாள். குஞ்சு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. நசுக்கவும் வேண்டாம், கறையும் இல்லை. ஒட்டியதை எதில் வைப்பது என்று பார்த்தாள். சுவரில் தினசரி காலண்டர். அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் ஒட்டினாள்.

மறுநாள் காலையில் கோவிந்தம்மாள் ராகு காலம் பார்க்க வந்தாள்.

"திங்கக்கெழமத் தாளு எங்க? கிழிச்சா ஆணியில இல்ல குத்தி வெப்பன் நானு!"

"நான் எடுத்தன் அத்த."

"காலண்டரையுமா மலைக்கு அனுப்பற?"

சோபனா செவ்வாய்க்கிழமைத் தாளையும் கிழித்துக்கொண்டாள்.

செவ்வாய் முழுக்க அவள் தேடினாள். மூட்டையை முதலில் எடுத்தாள். தார்ப்பாயில் சாமை முழுவதையும் கொட்டி, சாக்கை உள்வெளியாகத் திருப்பி, தையல் தையலாகப் பார்த்தாள். ஒரு குஞ்சு இல்லை, ஒரு முட்டை இல்லை, ஒரு கரும்புள்ளி இல்லை. சுத்தமான மலைச் சாமை. தாள் வெறுமையாகவே இருந்தது. அடுத்து மெத்தை. அங்கே குஞ்சுகள், தையலோரம் பேனா மை தெளித்த மாதிரி கரும்புள்ளி. அது அவற்றின் எச்சம். ஆனால் முட்டை இல்லை. அப்படியானால் பிறந்த இடம் வேறு.

புதன்கிழமை கோவிந்தம்மாளின் விரிப்பையும் வாங்கித் துவைக்கப் போட்டபோது அதிலும் அதே கரும்புள்ளி. ஒன்று இரண்டல்ல, விளிம்பு முழுக்க.

"அத்த, இது என்ன கறை?"

"வெத்தலச் சாறு. கெழவிங்க வாயில ஒழுகும். போ."

கோவிந்தம்மாள் தழை வெட்டப் போனதும் சோபனா அவள் கட்டிலிடம் வந்தாள்.

இந்தக் கட்டிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தேக்குக் கட்டில். தலைமாட்டில் இரண்டு மயில் செதுக்கியிருக்கும். தைப் பொங்கலுக்கு அவள் தம்பி மாது கொண்டுவந்து இறக்கியது. "அக்காவுக்கு இடுப்பு வலிக்குதுன்னு ஆர்டர் குடுத்துச் செஞ்சன்" என்றான். பிறந்த வீட்டுச் சீர்! கோவிந்தம்மாள் தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்த மயிலைத் துடைப்பாள். வருகிறவர்களை எல்லாம் அதில் உட்காரச் சொல்லிவிட்டு, "என் தம்பி செஞ்சு குடுத்தது" என்பாள். மருமகளுக்கு மட்டும் அதில் உட்கார அனுமதி இல்லை. அதுவரை சோபனா அதற்காக வருத்தப்பட்டிருந்தாள்.

திருப்புளியால் தலைமாட்டுப் பலகையின் நான்கு திருகாணியையும் கழற்றினாள். பலகையைக் காலிலிருந்து பிரித்ததும், பொருத்தின் உள்ளே ரவையைக் கொட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாக முட்டை. உமி நிறத்தில் குஞ்சு, சிறியது, அதைவிடப் பெரியது, அதற்கும் பெரியது. கொள்ளு மாதிரிப் பெரியவர்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், காற்றுப் பட்டதும் நடுங்குகிற வெறும் தோல்கள். உரித்துப் போட்ட தோல்கள், ஒரு கைப்பிடி.

முகத்தைச் சுளித்தாள். ஆனால், பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் சிரித்தும்விட்டாள்.

வியாழக்கிழமை காலை. கோவிந்தம்மாள் புழுவுக்குத் தழை போட்டுவிட்டு, கை கால் கழுவி உள்ளே வந்தாள். கூடத்துத் தரையில் காலண்டர் தாள்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் டேப்பில் ஒட்டிய தோல், சிறியதிலிருந்து பெரியது வரை. சோபனா சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்த, புழு வளக்கறவங்க நீங்க. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

இருபது வருடம் புழுவின் முகத்தில் விழித்தவளிடம் இப்படி ஒன்றை நீட்டினால் சும்மா இருப்பாளா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது உசிரில்ல. தோலு. தலப்பக்கம் வெடிச்சிருக்குது பாரு, அங்கேர்ந்துதான் வெளிய வந்திருக்குது. இது மொதத் தோலு. இது ரெண்டாவது. இது மூணு… நாலு… அஞ்சாவதும் இருக்குதே! நம்ம புழு நாலு தோலோட கூடு கட்டப் போயிடும். என்ன புழு இது?"

"அப்பறம் சொல்றன். ஒரு தோலுக்கும் இன்னொரு தோலுக்கும் ஏழு நாளுன்னு வெச்சுக்கங்க. நல்லாத் தீனி கெடச்சா அவ்ளோதானாம், போன்ல தேடிப் பாத்தன். முட்ட பொரிய பத்து நாளு. அஞ்சாவது தோலு கெடக்குதுன்னா மொத்தம் எத்தன நாளு?"

கோவிந்தம்மாள் விரல் கணுவில் கட்டை விரலை வைத்து எண்ணினாள். "பத்து… பதினேழு… இருவத்தி நாலு… முப்பத்தொண்ணு… முப்பத்தெட்டு… நாப்பத்தஞ்சு. ஒண்ணர மாசம். கொறஞ்சது."

"எங்கப்பா மூட்ட வந்து இன்னையோட எத்தன நாளு அத்த?"

கட்டை விரல் கணுவிலேயே நின்றது.

"பதினேழு" என்றாள், மெதுவாக. அப்புறம்தான் அது என்ன பூச்சி என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் விடுவாளா? "பெருசாவே வந்திருக்கலாம் இல்ல? மூட்டைக்குள்ள, வளந்ததா?"

"வளந்தது வந்திருக்கலாம். உரிச்ச தோலும் கூடவே நடந்து வந்துச்சுங்களா?"

கோவிந்தம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள்.

"எங்க எடுத்த இத?"

"கட்டில்ல."

"எந்தக் கட்டில்ல?"

"வூட்டுல எத்தன கட்டில் இருக்குதுங்க?"

"என் தம்பி கட்டில்லயா! அவன் வூட்டுல ஈ கூட உக்காராது! நீ எங்கேர்ந்தோ எடுத்து…" என்று எழுந்தவள், கழற்றிச் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தாள். மயிலுக்குப் பின்பக்கம் பார்த்தாள். போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். சத்தமாகக் கேட்கும்படியே போட்டாள், மருமகளுக்கும் கேட்கட்டும் என்று.

"மாது, அந்தக் கட்டில எந்த ஆசாரி கிட்ட செஞ்ச?"

"ஏங்க்கா, காலு ஆடுதா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"அது வந்துக்கா… நம்ம மாடி ரூம்புல பசங்க வாடகைக்கு இருந்தானுங்க இல்ல, காலி பண்ணப்ப வுட்டுட்டுப் போயிட்டானுங்க. நல்ல தேக்குக்கா. சும்மா கெடக்குதே, அக்காவுக்கு ஆவுமேன்னு… பாலீசு நான்தான் போட்டன்!"

"ஏன் வுட்டுட்டுப் போனானுங்க?"

"என்னமோ தூக்கமே வரலன்னானுங்க. இந்தக் காலத்துப் பசங்க ராவெல்லாம் போன நோண்டுனா தூக்கம் எப்படிக்கா வரும்?"

கோவிந்தம்மாள் போனை அணைத்தாள். கட்டில் சட்டத்தில் உட்காரப் போனவள், பாதியிலேயே துள்ளி எழுந்து தரையில் உட்கார்ந்தாள்.

சோபனா இத்தனை நாளாக மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. "உங்க பொறந்த வூட்டுச் சீரு" என்று தொடங்குவது. இதுதான் நேரம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பூச்சிக்காக அவள் உட்கார்ந்திருக்கவில்லை. ஆர்டர் கொடுத்துச் செய்தேன் என்று தம்பி சொன்ன அந்த ஒரு வார்த்தையை மூன்று மாதமாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறந்த வீட்டிலிருந்து வரும் ஒரு பொருள் என்ன என்பது சோபனாவுக்குத் தெரியாதா? அவளுடையது கொட்டகையில் கிடக்கிறது.

பேச்சை விழுங்கினாள். விழுங்கியது நெஞ்சில் நின்று இன்னும் எரிச்சலாயிற்று.

"சரி எந்திரிங்க அத்த. உக்காந்து கன்னத்துல கை வெக்க நேரமில்ல. தண்ணி கொதிக்குது."

அப்புறம் என்ன? அன்றைக்கு அந்த வாசலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கட்டிலை முழுக்கப் பிரித்து வாசலில் போட்டார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மொண்டு, பொருத்து, துளை, திருகாணிக் குழி, மயிலின் கழுத்து, எல்லாவற்றிலும் ஊற்றினார்கள். மெத்தையையும் தலையணையையும் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, தகரக் கூரை மேல் சித்திரை வெயிலில் போட்டார்கள். துணியெல்லாம் அண்டாவில். சுவர் விரிசலை டேப்பால் ஒற்றி எடுத்துவிட்டு வெள்ளைச் சிமெண்டுப் பூச்சு. பேச்சு அடங்கியிருந்த கோவிந்தம்மாள் இரண்டாவது அண்டாவில் பழையபடி ஆகிவிட்டாள்.

"அந்தப் பக்கம் ஊத்து. அங்க இல்ல, இங்க. அவசரமா ஊத்துனா சூடு உள்ள எறங்குமா? புழு மன கழுவறது மாதிரிக் கழுவு. இன்னையோட முடிஞ்சுதுன்னு நெனைக்காத. ஒளிஞ்சிருக்கற முட்டையெல்லாம் பொரிஞ்சு வரும். எட்டாம் நாளு ஒருக்கா, பதினாறாம் நாளு ஒருக்கா ஊத்தணும். அதுக்கப்பறமும் ரெண்டு வாரம் டேப்பு வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். குஞ்சு முட்ட வெக்கற வயசுக்கு வரதுக்கு முன்னாடி புடிச்சுடணும். எழுதி வெச்சுக்க."

"நான்தான அத்த கண்டுபுடிச்சன்! எனக்கே சொல்றீங்களே!"

"தோல எண்ணுனது யாரு?"

சோபனா மொண்ட தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. "தப்பாச் சொல்லிட்டன்" என்று கோவிந்தம்மாள் சொல்லவில்லை. நாளைக்கு அப்பா வந்தால் என்ன பேசுவாள் என்பதும் தெரியவில்லை. களைப்பில் சோபனா மூட்டையை உள்ளே எடுத்து வைக்கக்கூட மறந்துபோய்த் தரையில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து எழுந்து ஓடினாள். கொட்டகையில் தார்ப்பாய்தான் மடித்து வைத்திருந்தது. மூட்டை இல்லை.

"அத்த, மூட்ட எங்க?"

"வேலையப் பாரு."

அதற்குமேல் கேட்பதற்குள் பெரிய ரோட்டில் பஸ் வரும் நேரமாகிவிட்டது. தீர்த்தன் நடந்து வந்தார். தலையில் மூட்டை. வெள்ளைச் சட்டையில் வியர்வைக் கறை. வாசலில் வந்து நின்று மகளைப் பார்த்தார். ஈரமாகச் சாய்த்து வைத்திருந்த கட்டில் துண்டுகளைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"மூட்டைய எங்க எறக்கறதுங்க?"

கோவிந்தம்மாள் முன்னால் வந்தாள்.

"அதுக்கு எடம் வெச்சிருக்கறன். கால கழுவிட்டு உள்ள வாங்க சம்மந்தி."

உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அதே வார்த்தையா! தீர்த்தனின் முகத்தில் ஒரு நரம்பு இறுகிற்று. தலைமேல் மூட்டை அசையவில்லை. கால் மட்டும் அரை அடி பின்னால் போயிற்று.

கோவிந்தம்மாள் இதொன்றும் அறியாமல், சொம்பை எடுத்துத் தன் காலில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்குள்ள இல்லீங்க. வூட்டுல இப்ப ஒரு சாமானும் வெக்க முடியாது, என் தம்பி புண்ணியத்துல. புழு மனைக்கு வாங்க. முன் ரூம்புல வெச்சிருக்கறன் உங்க மொத மூட்டைய. அங்கதான் ஒரு பூச்சி பொட்டு அண்டாது. நானே கழுவாம போவ மாட்டன். என் புள்ளையக்கூட வுட மாட்டன். இந்தாங்க தண்ணி. புழுவுக்கு நோய் அண்டாம வாசப்படியில போட்டிருக்கற சுண்ணாம்புத் தூள மிதிச்சுக்கிட்டு வாங்க."

மருமகளையே மாதத்துக்கு நாலு தடவை திட்டித்தான் உள்ளே விடுகிற இடம் அது. புழுவைத் தவிர வேறு எதையும் அவள் நம்பி வைக்காத இடம். கதவு திறந்திருந்தது. தழைக் கூடைக்குப் பக்கத்தில், கழுவிய பலகை ஒன்றின் மேல், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது பழி சுமந்த மூட்டை. அதன் பக்கத்தில் இன்னொரு மூட்டைக்கு இடம் விட்டிருந்தது.

தீர்த்தன் அதைப் பார்த்தார். அந்த அம்மாளின் ஈரமான காலைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். சொம்பை வாங்கி, மூட்டையை இறக்காமலேயே, வலது கால், இடது கால் என்று கழுவினார். சுண்ணாம்பை மிதித்து உள்ளே போய் இறக்கினார். வெளியே வந்து துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஏங்க சம்மந்தி, கட்டில ஏன் பிரிச்சுப் போட்டிருக்கறீங்க?"

"அது கட்டில்பூச்சிங்க" என்றாள் கோவிந்தம்மாள், கண் சிமிட்டாமல்.

சோபனா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சிரிப்பா, அழுகையா, எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. சாமைச் சோறு வடிக்கத் தண்ணீர் வைத்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக, சோற்றுக்கென்று ஒரு தண்ணீர்.

எட்டாம் நாள் கொதிநீர் ஊற்றியபோது டேப்பில் ஏழு குஞ்சு வந்தது. பதினாறாம் நாள் ஒன்று. அது வந்ததற்கு இரண்டு நாள் மாமியாரும் மருமகளும் யார் சரியாக ஊற்றவில்லை என்று வாதாடிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு மாதம் தேடியும் ஒன்றும் இல்லை. தினசரி காலண்டரில் தாள்கள் மறுபடி ஆணியில் ஏறின.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. இனி நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். உங்கள் வீட்டு மெத்தையில் உமி கிடந்தால், ஊதியதும் அது பறந்து போகட்டும். உங்கள் பிள்ளைகள் விடிய விடிய அசையாமல் தூங்கட்டும். பிறந்த வீட்டிலிருந்து வரும் பொருளும் புகுந்த வீட்டில் இருக்கும் பொருளும் உங்கள் கூரைக்கு அடியில் பக்கம் பக்கமாக இருக்கட்டும். தலையில் சுமையோடு உங்கள் வாசலுக்கு வருகிறவர் எவரும் சுமையோடு திரும்பாதிருக்கட்டும். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், தாயே, நிறைந்திருக்கட்டும்.